எமன் கவசத்தை நம் அளவுக்கு வெட்டுவோம்



கடந்த மாசி மாதம் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் நம் கூட்டமைப்பின் கலைக்குழு சாராய ஒழிப்பு நாடகம் போட்டது. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகுதான் இந்த நாடகத்தையே நாம் எழுதினோம். கதை பெரிதாக ஒன்றும் கிடையாது. குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவனைக் கூட்டிப்போக எமன் வருகிறார். அவன் பெண்டாட்டி எமனோடு வழக்கு பேசுகிறாள். அவ்வளவுதான்.

எமன் வேடம் நம் உறுப்பினர் ஒருவருக்கு. பெயர் வேண்டாம், அவரே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மலையில் பிறந்து கீழே வாழ்க்கைப்பட்டவர், சாராயம் புகுந்து புறப்பட்ட வீடு. பெண்டாட்டி வேடம் கொடுத்தபோது, "அழுவுறதுதான் தெனம் அழுவுறோமே மேடம், நான் எமனா வரேன்" என்றார். ஒத்திகையில் அவர் குரலைக் கேட்டு எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது.

அன்று ராத்திரி நடந்தது வேறு. வெளியூர் கடை ஒன்றில் வாங்கிய பிளாஸ்டிக் கவசம். மார்புத்தட்டு, இரண்டு தோள்தட்டு, கை உறை, கிரீடம், எல்லாம் சேர்த்து 900 ரூபாய். தங்கக் கலர் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மாட்டிப் பார்க்காமலே வாங்கியது என் தப்பு. மேடைக்கு வந்து பாசக்கயிற்றை வீசக் கையைத் தூக்கினார், தட்டு மேலே ஏறித் தாடையில் இடித்தது. மூச்சு இழுத்து வசனம் பேச முடியவில்லை, நெஞ்சை அமுக்குகிறது. அக்குளில் பிளாஸ்டிக் விளிம்பு அறுத்து ரத்தம் கசிந்தது. பாதி நாடகத்தில் கவசத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பேசினார். முன்வரிசையில் இருந்த ஆம்பளைகள், "எமன் சட்டையக் கழட்டிட்டாரு, வீட்டுக்குப் போவலாம்டா" என்று சிரித்தார்கள். சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும் வேனில் அவர், "எனக்கு இது ஆவாது, வேற ஆளப் பாருங்க" என்றார். ஆள் சரியில்லையா, கவசம் சரியில்லையா என்று நாங்கள் யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்தக் கட்டுரை அந்தக் கவசத்தை நாங்கள் சரிசெய்த கதை. உங்கள் ஊர் நாடகத்துக்கும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் இது உதவும்.

ஏன் பொருந்துவதில்லை?

கடையில் விற்கிற பிளாஸ்டிக் கவசம் ஒரே அச்சில் செய்வது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, இளகியதும் அச்சின் மேல் விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சோடு ஒட்டி அதன் உருவத்துக்கு வந்துவிடும். ஆயிரம் தட்டு எடுத்தாலும் ஒரே அளவு. அந்த அச்சு யாருடைய உடம்பு? பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு மேல் உயரமான ஓர் ஆம்பளை உடம்பு. அகலத் தோள், தட்டை மார்பு, நீண்ட வயிறு. நமக்குத் தோள் குறுகல், மார்பு முன்னால் நிற்கும், கழுத்திலிருந்து இடுப்பு வரை நீளம் குறைவு. அதனால் தட்டின் அடி விளிம்பு இடுப்பு எலும்பில் முட்டும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ மொத்தத் தட்டும் மேலே ஏறும். அன்று தாடையில் இடித்ததற்குக் காரணம் இதுதான்.

நம் பக்கத்துக் கூத்தைப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் கலர்க் காகிதமும் ஒட்டியவை. அந்தக் கட்டையை வைத்துத்தான் கட்டைக்கூத்து என்ற பெயரே. ராஜா வேடக்காரர் ராத்திரி தொடங்கி விடியும்வரை அதைச் சுமந்து ஆடுகிறார், சுற்றிச் சுற்றி வருகிறார், பாடவும் பாடுகிறார். எப்படி முடிகிறது? கூத்தில் வேடம் "போடுவது" என்று மட்டும் சொல்வதில்லை, வேடம் "கட்டுவது" என்பார்கள். கட்டுவதிலேதான் சூட்சுமம். சங்கராபுரம் பக்கம் ஒரு கூத்து வாத்தியாரிடம் எங்கள் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கட்ட ஒடம்புல தொங்கக் கூடாதும்மா, ஒக்காரணும். இது தொங்குது" என்றார். உள்ளே துணி மடித்து வைத்து, கயிற்றை எங்கே இழுத்துக் கட்டினால் பாரம் தோளில் உட்காரும் என்று அவரே காட்டினார். பின்னால் சொல்லும் பாதி விஷயம் அவர் சொன்னது.

ஆனால் கூத்துக் கட்டையும் காலங்காலமாக ஆண்கள் கட்டி ஆடியதுதான். திரௌபதி வேடத்தைக்கூட ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து பயின்று, ராஜா வேடமே கட்டி ஆடினார்கள். 2020 வரை அந்தக் குருகுலம் நடந்தது. ஆகவே "பொம்பள கட்டை கட்டினா தாங்காது" என்று யாராவது சொன்னால், தாங்கியிருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் விண்வெளி நிலையத்துக்கு வெளியே இரண்டு பெண்களை மட்டும் சேர்த்து வேலைக்கு அனுப்புவதாக அறிவித்தது. முதன்முறை என்று உலகமே பேசியது. கடைசி நேரத்தில் அது நடக்கவில்லை. விண்வெளி உடையின் மேல்பாகம் துணி கிடையாது, ஃபைபர் கண்ணாடியில் செய்த கெட்டியான கூடு, கிட்டத்தட்ட நம் மார்புத்தட்டு மாதிரி. ஆன் மெக்ளேன் என்ற வீராங்கனைக்கு மீடியம் அளவுதான் சரியாக இருந்தது. மற்றவருக்கும் மீடியம்தான் வேண்டும். தயாராக இருந்ததோ ஒன்றே ஒன்று. மெக்ளேனுக்குப் பதில் ஓர் ஆண் போனார். பிறகு அதே வருடம் அக்டோபர் 18-ல் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மேயர் என்ற இருவர் சேர்ந்து வெளியே போனார்கள். நாசாவிலேயே அளவு பொருந்தாமல் நின்றிருக்கிறது. இதை நம் எமனிடம் சொன்னேன். "அவங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறுநாள் ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

முதலில் பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கத்திரியை எடுக்கும் முன் இது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தை மெதுவாக வளையுங்கள். வளைத்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து, சடசடவென்று சத்தம் கேட்டால் அது நொறுங்குகிற ரகம். ஐஸ்கிரீம் கப் மாதிரி விரிசல் விடும். வெள்ளைக் கோடு விழாமல் வளைந்து கொடுத்து, விட்டதும் பழையபடி நிமிர்ந்தால் இளகும் ரகம், பெரும்பாலும் பி.வி.சி.யாக இருக்கும். நகத்தால் அமுக்கினால் ரப்பர் செருப்பு மாதிரி குழிந்தால் அது ஃபோம் ஷீட். ஃபோமில் செய்ததானால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பிளேடால் வெட்டலாம், அறுக்காது, எடையும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் ஃபோம் கேட்டு வாங்குங்கள்.

நொறுங்கும் ரகத்தைக் குளிரில் வெட்டாதீர்கள். நாங்கள் முதல் தோள்தட்டை வெள்ளிமலையில் காலை ஏழு மணிக்குப் பனியில் உட்கார்ந்து வெட்டினோம். கத்திரி வைத்ததும் விரிசல் குறுக்கே ஓடிவிட்டது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும். அரைமணி நேரம் வெயிலில் வைத்தபின் வெட்டிய இரண்டாவது தட்டு உடையவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அச்சில் இழுத்துச் செய்ததால் தட்டு எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. எங்கே அதிகமாகப் புடைத்து நிற்கிறதோ, சிங்கமுகம், பூ வேலைப்பாடு போன்ற இடங்களில், தகடு மெலிந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். அங்கே துளை போடக் கூடாது, உப்புத்தாளும் தேய்க்கக் கூடாது.

அளவெடுப்பது

ஜாக்கெட் தைக்கிறவர்கள் குழுவில் ஒருவராவது இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள், இது அவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் ஜாக்கெட்டுக்கு எடுப்பதுபோல் நின்றபடி மட்டும் எடுத்தால் போதாது. துணி இழுத்தால் வரும், பிளாஸ்டிக் வராது.

மேடையில் உள்ளே என்ன உடுத்தப்போகிறீர்களோ அதை உடுத்திக்கொண்டு அளவெடுங்கள். சேலைக் கொசுவத்தின் மேல் கவசம் கட்டப்போகிறீர்களா, பேண்ட் சட்டையின் மேலா என்பதில் இடுப்பு அளவே இரண்டு மூன்று இஞ்சு மாறும். மார்புச் சுற்றளவை இரண்டு தடவை எடுங்கள், ஒருமுறை சாதாரணமாக நின்று, ஒருமுறை மூச்சை முழுதாக இழுத்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் எமனுக்கு ஒன்றரை இஞ்சு வந்தது. அந்த ஒன்றரை இஞ்சு கவசத்தில் எங்கேயாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வசனம் வராது. பிறகு கழுத்துக் குழியிலிருந்து இடுப்பு வளைவு வரை நீளம். இதை நின்று எடுத்து, பிறகு பலகையில் உட்கார்ந்து எடுங்கள். குறைவாக வருவதையே கணக்கில் வையுங்கள். கைக்குழிக்கு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, பிறகு மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே சேலை பின்னால் அடையாளம் வையுங்கள். தட்டின் விளிம்பு அந்த மடிப்புக்கு இரண்டு விரல் உள்ளேயே நின்றுவிட வேண்டும்.

இந்த அளவையெல்லாம் வைத்து பழைய செய்தித்தாளில் ஒரு மார்புத்தட்டு வெட்டுங்கள். சிமெண்ட் மூட்டைக் காகிதம் இன்னும் நல்லது, விறைப்பாக நிற்கும், தூசியை நன்றாக உதறிவிடுங்கள். அதை உடம்பில் பின் குத்தி, உட்கார்ந்து எழுந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். எங்கே கிழிகிறதோ அங்கேதான் பிளாஸ்டிக் அறுக்கும். காகிதத்தை இரண்டு மூன்று முறை மாற்றிவிட்டு, கடைசிக் காகிதத்தைத் தட்டின் மேல் ஒட்டி, மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். நாங்கள் மூன்று காகிதம் கிழித்தோம். காகிதத்துக்குக் காசு கிடையாது.

வெட்டுவது

கோட்டிலேயே வெட்டாதீர்கள். கோட்டுக்கு அரை விரல் வெளியே வெட்டி, மாட்டிப் பார்த்து, திரும்பவும் கொஞ்சம் வெட்டுங்கள். வெட்டிய துண்டை ஒட்ட முடியாது, ஒட்டினாலும் மேடையில் விட்டுவிடும். இடது பக்கம் வெட்டியதும் அந்தத் துண்டையே வலது பக்கத்தில் திருப்பி வைத்துக் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒத்து வரும்.

இளகும் ரகத்துக்குத் தகரம் வெட்டும் கத்திரி போதும். கத்திரி வாயை முழுசாக மூடாமல், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். முழுசாக மூடினால் நுனியில் விரிசல் விழும். நொறுங்கும் ரகமானால் கத்திரி வேண்டாம். பேப்பர் கட்டர் கத்தியால் ஒரே கோட்டில் ஏழெட்டு முறை லேசாகக் கீறி, பிறகு கோட்டை மடித்து ஒடித்தால் சுத்தமாகப் பிரியும். வளைவான இடத்தைச் சின்னச் சின்ன நேர்கோடாகக் கீறி ஒடித்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். கத்தி எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். பிடித்திருக்கும் கை கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், துண்டு தெறித்துக் கண்ணில் படும், தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

உள்பக்கமாகத் திரும்பும் மூலைகளை 'ட' எழுத்து மாதிரி கூர்மையாக விடவே கூடாது. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். தச்சரிடம் கொடுத்து மூலையில் சின்ன வட்டத் துளை போட்டுவிட்டு, அந்தத் துளையில் முடிகிற மாதிரி வெட்டுங்கள். நம் மாவட்டத்தில் மரவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. எங்களுக்குத் துளை போட்டுக் கொடுத்தவர் காசு வாங்கவில்லை, நாடகம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் தட்டில் அடிப்பக்கம் இரண்டேகால் இஞ்சு போனது, கைக்குழியில் பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சு, கழுத்தில் முக்கால் இஞ்சு. அடிப்பக்கத்தை நேராக வெட்டாமல் நடுவில் நீளமாகவும் இரு பக்கமும் ஏறியும் இருக்குமாறு வளைத்து வெட்டினோம். உட்காரும்போது தொடை இடிக்காது, பார்க்கவும் அழகு.

இனி மார்பு. இதைப் பற்றிக் கேட்கப் பலருக்குக் கூச்சம், அதனால் சொல்லிவிடுகிறேன். தட்டையான ஆம்பளைத் தட்டை நாம் இறுக்கிக் கட்டினால் முழுப் பாரமும் மார்பில் விழும். வலிக்கும், மூச்சு முட்டும். பால் கொடுக்கிற தாய்மார் இப்படி அமுக்கிக் கட்டினால் பால் கட்டிக்கொள்ளும், அவர்கள் கெட்டித் தட்டே போட வேண்டாம். மற்றவர்களுக்கு வழி இரண்டு. ஒன்று, தட்டை மார்பில் படாமல் தூக்கி நிறுத்துவது. மேலே காறை எலும்புப் பக்கம் ஒரு பட்டை, கீழே விலா எலும்புப் பக்கம் ஒரு பட்டை, முக்கால் இஞ்சு கனத்தில் ஸ்பாஞ்சு ஒட்டினால், தட்டு அந்த இரண்டில் உட்கார்ந்துகொள்ளும், நடுவில் இடைவெளி கிடைக்கும். இரண்டாவது வழி, ஜாக்கெட்டில் டாட் பிடிப்பதைப் போலத்தான். கைக்குழிக்குக் கீழே பக்கவாட்டிலிருந்து மார்பை நோக்கி ஒரு வெட்டு, முடியும் இடத்தில் வட்டத் துளை. வெட்டின் இரண்டு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ரிவிட் அடித்தால், தட்டு உள்ளே குழிந்து இடம் கொடுக்கும். டாட் வழி இளகும் ரகத்துக்கும் ஃபோமுக்கும் மட்டும் சரிப்படும். எங்கள் எமனுக்கு முதல் வழியே போதுமாக இருந்தது.

விளிம்பு

வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அன்று ரத்தம் வந்ததும் இதனால்தான், கடையிலேயே விளிம்பைத் தேய்க்காமல் கொடுத்திருந்தார்கள். 120 நம்பர் உப்புத்தாளால் ஒரு தடவை, 220 நம்பரால் தண்ணீர் தொட்டு ஒரு தடவை தேயுங்கள். தண்ணீர் தொட்டால் தூசி பறக்காது, ஆனாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பழைய நைலான் காலுறையை விளிம்பில் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் போதும்.

அதற்குமேல் சேலை ஃபால்ஸை விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டிவிடுங்கள். தையல் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த யோசனை இது. கைக்குழிக்குப் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்து ஒட்டினோம், அது இன்னும் மெத்தென்று இருக்கிறது. ரப்பர் ஒட்டும் பசையை இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. இந்தப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், கிரீடத்தில் தெர்மாகோல் இருந்தால் அதில் வெள்ளைப் பசை போடுங்கள். பசையைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தடவுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வளைப்பது

தோள்தட்டு அகலமாக இருந்தால் அதை நம் தோளுக்கு வளைக்கலாம். பி.வி.சி. பைப்பை வைக்கோல் நெருப்பில் காட்டி வளைப்பதை வயலில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பி.வி.சி. கருகினால் வருகிற புகை அமிலப் புகை, கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும்.

வெந்நீர் போதும். அகலமான குண்டானில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, வளைக்க வேண்டிய பகுதியை மட்டும் இடுக்கியால் பிடித்து அரை நிமிடம் முக்குங்கள். இளகியதும் எடுத்து, துணி சுற்றிய குடத்தின் மேல் வைத்து, கனமான துணியால் அமுக்கிப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் விறைத்துவிடும். சூட்டோடு உடம்பில் வைத்து வளைக்கக் கூடாது, வெந்துவிடும். குடமோ, அதே அளவுள்ள பானையோதான் நம் தோள். நொறுங்கும் ரகம் வெந்நீருக்கு அவ்வளவாக மசியாது, அதை வளைக்க முயலாமல் நாடாவில் சரிசெய்துகொள்ளுங்கள்.

பகுதியை மட்டும் முக்குங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அச்சில் செய்த பிளாஸ்டிக்குக்குத் தான் முன்பு தட்டைத் தகடாக இருந்தது ஞாபகம் இருக்கும். சூடு கூடினால் பழையபடி தட்டையாகப் போகப் பார்க்கும். இது தெரியாமல் நான் முதல் கை உறையை முழுசாகக் குண்டானில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பூவைக் காணோம், கொடியைக் காணோம், தோசை மாதிரி இருந்தது. "மேடம் எமனுக்கு டிபன் சுட்டுட்டாங்க" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள்.

கட்டுவது

கடையில் வந்த எலாஸ்டிக்கை வெட்டி எறிந்துவிடுங்கள். அது இழுபடும், தட்டு ஆடும், ஆடினால் உரசும். தோளுக்கு மேல் இரண்டு விரல் அகலமான பட்டை வேண்டும். பழைய பள்ளிக்கூடப் பையின் பட்டையே போதும், பக்கிளும் அதிலேயே இருக்கும், இழுத்தால் நீளம் கூடும் குறையும். பாரம் முழுவதும் தோளில் இறங்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் எலாஸ்டிக் வைக்கலாம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை இஞ்சு விரிகிற மாதிரி. மூச்சுக்கு விட வேண்டிய இடம் இதுதான். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக 'X' மாதிரி பாவாடை நாடா கட்டினால் தட்டு இறங்காது. இது கூத்து வாத்தியார் சொன்னது. முடிச்சு எல்லாம் பின்னால், இழுத்தால் உடனே அவிழ்கிற சுருக்கு முடிச்சாக. மயக்கம் வந்தாலோ தீ பட்டாலோ பக்கத்தில் இருப்பவர் ஒரே இழுப்பில் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

தோள்தட்டை மார்புத்தட்டோடு ரிவிட் அடிக்காதீர்கள். மேல் நுனியில் மட்டும் நாடாவால் கட்டித் தொங்கவிட்டால் கை தூக்கும்போது அது தனியாக எழும்பும். துளை போடும் இடத்தில் உள்ளே ஒரு சின்னத் தோல் துண்டையோ ரப்பர் துண்டையோ வைத்து ரிவிட் அடித்தால் கிழியாது.

கிரீடம் நெற்றியில் உட்காரக் கூடாது, தலையைச் சுற்றி உட்கார வேண்டும். உள்ளே பருத்தித் துணியில் சும்மாடு மாதிரி ஒரு வளையம் செய்து ஒட்டினோம். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. தாடைக்கு அடியில் கட்டும் கயிற்றைப் பின்னந்தலைக்கு மாற்றினோம், பேசும்போது வாய் அசைய வேண்டுமே.

மாட்டிப் பார்ப்பது

கண்ணாடி முன் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நாடகத்தில் என்ன செய்வீர்களோ அதைச் செய்து பாருங்கள். எங்கள் எமன் கயிறு வீசினார், உட்கார்ந்தார், குனிந்து திண்ணையில் கிடப்பவன் காதில் பேசினார், நீண்ட வசனம் முழுவதையும் சத்தமாகச் சொன்னார். கால்மணி நேரம் கழித்துக் கழற்றி உடம்பைப் பார்த்தோம். சிவந்த இடத்தில் இன்னொரு அடுக்குப் பட்டை. இப்படி நான்கு முறை. கடைசி முறை வலது அக்குளில் மட்டும் லேசாகச் சிவந்தது, அங்கே அரை இஞ்சு இன்னும் வெட்டினோம்.

பிளாஸ்டிக்கில் வியர்வை போக வழி இல்லை. உள்ளே கை வைத்த பருத்தி ஜாக்கெட் கட்டாயம், நைலான் கூடாது. முதுகைத் திறந்தே விடுங்கள், மேலே அங்கவஸ்திரம் போட்டு மறைத்துக்கொள்ளலாம். கவசத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், காட்சி வரும்வரை மாட்டாமல் இருங்கள், இடையில் தண்ணீர் குடியுங்கள். எமன் காட்சியில் தீப்பந்தம் வைப்பது சில ஊர்களில் வழக்கம். பிளாஸ்டிக் கவசம் போட்டிருந்தால் தீப்பந்தமும் வேண்டாம், பட்டாசும் வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது. நாங்கள் பந்தத்துக்குப் பதிலாக சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் வைத்தோம்.

செலவுக் கணக்கு தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. உப்புத்தாள், பசை, ரிவிட், நாடா, ஸ்பாஞ்சு எல்லாம் சேர்த்து 210 ரூபாய். பையும் ஃபால்ஸும் டியூப்பும் வீட்டில் கிடந்தவை. வெளியில் வாடகைக்கு எடுத்திருந்தால் ஒரு ராத்திரிக்கு 600 ரூபாய். இதே தட்டை இப்போது மூன்று பேர் மாறி மாறிப் போடுகிறார்கள். பக்கிள் பட்டையில் ஆளுக்கு ஒரு கலர் நூல் கட்டி அவரவர் அளவைக் குறித்திருக்கிறோம், சிவப்பு நூல் நம் எமனுக்கு. கவசத்தை வெயிலில் காயப்போடக் கூடாது, கோணிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய சேலையைத் திணித்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். மேலே பாரம் வைக்கக் கூடாது.

சித்திரையில் கரியாலூர் பக்கம் மறுபடி நாடகம் போட்டோம். எமன் கையைத் தூக்கிக் கயிற்றை வீசினார், தட்டு அசையவில்லை. "ஒங்க ஊர்ல எனக்கு வேல ஜாஸ்தி, நீங்களே கூப்புடுறீங்க, நானா வரல" என்ற வசனத்தை ஒரே மூச்சில் சொன்னார். கூட்டத்தில் சத்தமே இல்லை. நாடகம் முடிந்து கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து மார்புத்தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கும் வருவீர்களா, எங்கள் குழுவிலும் ஒருத்தி நன்றாகப் பேசுவாள், அவள் ரொம்பக் குள்ளம், இது அவளுக்கு ஆகுமா என்று கேட்டார். நான் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன்.